மிலானுக்குப் போகிறவர்களுக்கு, கடலோர ஊர்கள் பற்றி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டையிலிருந்து இந்தச் செப்டம்பரில் லீனியாபெல்லே தோல் கண்காட்சிக்குப் போகவிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,



விசா பேப்பர், சாம்பிள், ஸ்வாட்ச் கார்டு என்று ஓடிக்கொண்டிருக்கிற நேரம் இது. இந்த ஓட்டத்துக்கு நடுவிலும் நம் ஊரில் வருடம் தவறாமல் ஒரு பேச்சு கிளம்பும்: கண்காட்சி முடிந்த பிறகு கையில் இருக்கும் இரண்டு மூன்று நாளுக்கு எங்கே போவது? கடலோரம் போகலாம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போவார்கள். எந்த ஊர் என்று கேட்டால் போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டுவார்கள். மஞ்சள், சிவப்பு வீடுகள், கீழே நீலக் கடல், பாறை மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு ஜோடி. போய் அதே பாறையில் அதே படத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வருவார்கள்.

தோல் டெக்னீஷியனாக இத்தாலிக்குப் பல வருடம் போய்வந்தவன் என்ற முறையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். படத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த ஊர் என்ன தொழில் செய்து பிழைத்தது, அந்தத் தொழில் இன்று என்ன ஆனது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இத்தாலியின் அழகான கடலோர ஊர்களில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு தொழிலின் கதை இருக்கிறது. சில இடங்களில் அந்தத் தொழில் செத்து அழகு மட்டும் மிஞ்சியிருக்கிறது. சில இடங்களில் தொழில் இன்னும் மூச்சு விடுகிறது. தோலை நம்பி வாழும் நமக்கு இந்த இரண்டையும் நேரில் பார்ப்பது அவசியம்.

முதலில் எல்லோர் வாயிலும் வரும் சின்க்வே தெர்ரே. மொந்தெரொஸ்ஸோ, வெர்னாஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே என்று லிகூரியக் கரையில் ஐந்து ஊர்கள். 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. 1999 முதல் தேசியப் பூங்கா. மிலான் சென்ட்ரலில் ஏறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் மொந்தெரொஸ்ஸோவில் இறங்கலாம். அங்கிருந்து ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் ரயிலில் சில நிமிடம்தான். அதனால்தான் ஐந்தையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றுகிறது. முடித்தும் விடலாம், ஆனால் கண்ணில் படுவது ஐந்து பிளாட்பாரமும் முன்னால் நடக்கிறவர்களின் முதுகும்தான். சில ஆயிரம் பேர் மட்டும் வசிக்கும் அந்த ஊர்களுக்கு வருடத்தில் லட்சக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். இறங்குவதற்கே வரிசை.

ஐந்தில் ஒன்றைச் சொல் என்றால் நான் கொர்னீலியாவைச் சொல்வேன். அதற்குத் துறைமுகம் கிடையாது, அதனால் சுற்றுலாப் படகு அங்கே ஆட்களைக் கொண்டுவந்து கொட்டுவதில்லை. கடலிலிருந்து சுமார் நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு ஏற 33 அடுக்காக மடிந்து போகும் செங்கல் படிக்கட்டு. மொத்தம் 380 படிகள் அளவில் இருக்கும். ஏற முடியாதவர்களுக்குச் சிறிய பஸ் உண்டு. இரவு அங்கே தங்குங்கள். மாலை ரயிலில் கூட்டம் கலைந்த பிறகுதான் ஊர்க்காரர்கள் வெளியே நாற்காலி போட்டு உட்காருவார்கள்.

மறுநாள் காலையில் வொலாஸ்த்ரா பக்கம் மலைப்பாதையில் நடங்கள். இருபுறமும் திராட்சைத் தோட்டம், செங்குத்தான சரிவில் படி படியாக. ஒவ்வொரு படியையும் தாங்கி நிற்பது சுண்ணாம்பும் சிமென்டும் இல்லாமல் கல்லின் மேல் கல் வைத்து அடுக்கிய சுவர். கிட்டே போய்ப் பாருங்கள். பெரிய கல் வெளி முகத்தில், நடுவில் சில்லுக் கல், பின்னால் மண். மழை பெய்தால் தண்ணீர் இடுக்கு வழியாகக் கசிந்து வெளியேறிவிடும், சுவர் தள்ளப்படாது. கலவை போட்டுக் கட்டியிருந்தால் தண்ணீர் தேங்கி முதல் பெருமழையிலேயே வயிறு தள்ளி விழுந்திருக்கும். இந்தச் சுவர் கட்டும் கலையை 2018இல் யுனெஸ்கோ தனியாக இன்னொரு பட்டியலில் சேர்த்தது. செப்டம்பரில் அங்கே திராட்சை அறுவடை. கூடைகளை ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் ஒரு சின்ன வண்டியில் ஏற்றி மலையில் இழுப்பார்கள். அந்த வண்டி வருவதற்கு முன்பு எல்லாம் தலைச்சுமைதான்.

அந்தச் சுவர்களைப் பார்த்துக்கொள்ள இப்போது ஆள் குறைவு. பிள்ளைகள் படித்துவிட்டு லா ஸ்பேசியாவுக்கும் ஜெனோவாவுக்கும் போய்விட்டார்கள். கவனிப்பில்லாத படி சரிந்தால் அதற்குக் கீழே இருப்பதும் சேர்ந்து சரியும். 2011 அக்டோபர் 25ஆம் தேதி கொட்டிய மழையில் வெர்னாஸாவும் மொந்தெரொஸ்ஸோவும் சேற்றில் புதைந்தன. வெர்னாஸாவின் கடைத்தெருவுக்கு அடியில் ஓடையை மூடி விட்டிருந்தார்கள். மலையிலிருந்து வந்த மண்ணும் கல்லும் அதற்குள் அடங்காமல் தெருவில் ஏறின. 1903 நவம்பரில் பாலாறு வாணியம்பாடியை அடித்துப்போன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 2021 நவம்பரில் வருடக்கணக்கில் காய்ந்து கிடந்த ஆறு கரை நிறைய வந்ததையும் பார்த்தோம். கானாற்றை மூடிக் கடை கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வெர்னாஸாவின் தெருவே சாட்சி.

ஒரு சின்ன எச்சரிக்கை. அந்த மலைப்பாதையில் ரப்பர் செருப்போடு நடந்தால் 50 யூரோவிலிருந்து 2,500 யூரோ வரை அபராதம் என்று பூங்கா நிர்வாகம் 2019இல் அறிவித்தது. வழுக்கி விழுகிறவர்களைத் தூக்கி வரவே அவர்களுக்கு நேரம் போதவில்லை. நம் ஊரில் தைத்த நல்ல ஷூவைப் போட்டுக்கொண்டு போங்கள்.

போர்ட்டோஃபினோவை விட்டுவிடலாம். காபி குடிக்கிற காசில் ஒரு நாள் சாப்பாடு முடிந்துவிடும். படம் எடுக்க ஒரே இடத்தில் நின்று வழியை அடைக்கிறார்கள் என்று 2023இல் சில இடங்களை நிற்கக் கூடாத பகுதியாகவே அறிவித்தார்கள். நின்றால் 275 யூரோ வரை அபராதம் என்றார்கள். அதே மலையின் மறுபக்கத்தில் காமோலி இருக்கிறது. ஐந்து ஆறு மாடி வீடுகள் கடலைப் பார்த்து வரிசையாக நிற்கும். ஜன்னல், மாடம், கல் வேலைப்பாடு எல்லாம் சுவரை நிறைத்திருக்கும். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால்தான் அவற்றில் பாதி வெறும் பெயின்ட் என்று தெரியும். நிழல்கூட வரைந்ததுதான்.

காமோலி ஒரு காலத்தில் பாய்க்கப்பல்களின் ஊர். 19ஆம் நூற்றாண்டில் ஊரில் வீட்டுக்கு வீடு கப்பலில் பங்கு இருந்தது. ஒருவர் கப்பல் மூழ்கினால் எல்லோரும் சேர்ந்து நஷ்டத்தைத் தாங்கும் பரஸ்பரக் காப்பீட்டை அவர்களே அமைத்துக்கொண்டார்கள். பிறகு நீராவிக் கப்பல் வந்தது. பாயை விட்டு எந்திரத்துக்கு மாற அவர்களுக்கு மனம் வரவில்லை, அதற்கான முதலும் பெரிய கம்பெனிகளிடம்தான் இருந்தது. தொழில் கைவிட்டுப் போனது. அங்குள்ள கப்பல் மியூசியத்தில் அந்தக் கப்பல்களின் ஓவியங்களைப் பாருங்கள். கண்காட்சியில் குரோம் இல்லாத பதனீடு, கழிவுநீர் வெளியேறாத டேனரி, தோல் எங்கிருந்து வந்தது என்ற சான்று என்று மூன்று நாளும் வாடிக்கையாளர் கேட்டதைக் கேட்டுவிட்டு அந்தப் படங்களுக்கு முன்னால் நின்றால், அவை வேறு மாதிரி தெரியும்.

இனி, கண்காட்சி முடிந்து அர்ஸிஞானோ போகிறவர்களுக்கு. விச்சென்ஸா மாவட்டத்தில் இருக்கும் அது மாட்டுத்தோலுக்கு இத்தாலியின் மிகப் பெரிய பதனீட்டுப் பகுதி. நம்மவர்கள் ஃபினிஷிங் கெமிக்கல், ஸ்பிளிட்டிங் மெஷின், டிரம் என்று அங்கே அலைவது வழக்கம். வேலை முடிந்ததும் வெனிஸுக்கு ரயில் ஏறுவார்கள். வெனிஸில் 2024 முதல் சில நாட்களில் பகல் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் வைத்திருக்கிறார்கள், அந்த அளவுக்குக் கூட்டம். நீங்கள் வெனிஸின் வடக்குக் கரையில் படகு ஏறி முக்கால் மணி நேரத் தொலைவில் உள்ள புரானோ தீவுக்குப் போங்கள். ஷூவின் மேல்பகுதியைத் தைக்கும் நம் அப்பர் லைனில் வேலை பார்க்கிறவர்கள் யாராவது உங்களோடு வந்திருந்தால், வேறு எந்த ஊரும் வேண்டாம், இது ஒன்று போதும்.

வண்ண வண்ண வீடுகளைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இன்ன நிறம் என்று இருக்கிறது, மாற்ற வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும். அவர்களின் தொழில் மீன்பிடிப்பும் லேஸும். ஆண்கள் வலை, பெண்கள் ஊசி. லேஸ் மியூசியத்தில் சில நாட்களில் வயதான பெண்கள் உட்கார்ந்து பின்னுவார்கள். அருகில் நின்று பாருங்கள். துணியே கிடையாது. ஒரு காகிதத்தில் வரைந்த கோலத்தின் ஓரமாக முதலில் நூலை ஓட்டுவார்கள். பிறகு அந்த நூலைப் பிடித்துக்கொண்டு ஊசியால் வெறும் காற்றில் முடிச்சு முடிச்சாக நிரப்புவார்கள். முடிந்ததும் காகிதத்தோடு பிடித்து வைத்த தையலைக் கத்தரித்தால் லேஸ் தனியாகக் கையில் வரும். ஒரு பெண்ணுக்கு ஒரு தையல்தான். ஒருத்தி ஓரம், ஒருத்தி நிரப்பு, ஒருத்தி இணைப்பு. ஒரு துண்டு பல கை மாறித்தான் முடியும். நம் லைனில் ஓர் அப்பர் ஸ்கைவிங், ஃபோல்டிங், ஸ்டிச்சிங் என்று கை மாறி வருகிறதே, அதே முறை. அந்தப் பெண்களின் விரலில் ஊசி குத்திய தழும்பையும், கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி வைத்துக்கொண்டு குனிந்திருப்பதையும் பார்க்கும்போது எனக்கு ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

1872இல் அங்கே ஒரு லேஸ் பள்ளி தொடங்கினார்கள். கிட்டத்தட்ட நூறு வருடம் நடந்து 1970 வாக்கில் மூடினார்கள். அந்தக் கட்டடம்தான் இப்போது மியூசியம். தெருவில் தொங்கும் மலிவான லேஸில் பெரும்பகுதி எங்கோ மெஷினில் செய்து வந்தது. கையில் செய்த ஒரு மேசை விரிப்புக்கு மாதக்கணக்கில் உழைப்பு, அதற்கான விலையைக் கொடுப்பவர் குறைவு. கற்றுக்கொள்ள வரும் பெண்கள் அதைவிடக் குறைவு. சம்பளம் ஏறவில்லையென்றால் எந்தக் கைத்திறனும் அடுத்த தலைமுறைக்குப் போகாது. இதைக் கம்பெனிப் பிள்ளைகள் புரானோவில் நின்று யோசிக்க வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன். ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். மிலானுக்குப் போகிற நம் பட்டியலில் முதலாளியின் மகன் இருக்கிறார், மெர்ச்சண்டைசர் இருக்கிறார், டெக்னீஷியன் இருக்கிறார். இருபது வருடமாக லைனை நடத்தும் சூப்பர்வைசர் அக்கா ஏன் இல்லை? தையலைப் பார்த்தவுடனே குறை சொல்லத் தெரிந்தவர் அவர்தானே.

அடுத்தது தெற்கு. ஆட்டுத்தோல், செம்மறித்தோல் விற்கிறவர்களுக்குச் சொலோஃப்ரா தெரிந்த பெயர். சலேர்னோவுக்கு மேலே மலைக்குள் இருக்கும் பழைய டேனரி ஊர். அங்கே போகிறவர்கள் அமால்ஃபிக் கரையைப் பார்க்காமல் வருவதில்லை. எல்லோரும் ஓடுவது போஸித்தானோவுக்கு. பார்க்க அழகுதான், மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் குறுகிய மலைச்சாலையில் வண்டி நகராமல் நிற்கும் நேரமே பாதி நாளைத் தின்றுவிடும். சலேர்னோவிலிருந்து படகில் போங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓடும். இரண்டு இடத்தில் இறங்கினால் போதும், அமால்ஃபி, சேத்தாரா.

அமால்ஃபியில் தேவாலயப் படிக்கட்டைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பும் இடத்தில் நீங்கள் திரும்பாமல் மேலே நடங்கள். கன்னேத்தோ ஓடை வரும் பள்ளத்தாக்கில் காகித ஆலைகள் இருந்தன. கந்தைத் துணியைத் தண்ணீர் விசையில் இயங்கும் மரச் சம்மட்டிகளால் கல் தொட்டியில் இடித்துக் கூழாக்கி, சல்லடையில் தூக்கி, தாள் தாளாக உலர்த்துவார்கள். அந்தக் காலத்து இத்தாலியக் காகிதத்தில் மை ஊறாமல் இருக்க மேலே பூசியது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசை. ஆக நம் தொழிலும் அங்கே ஒரு ஓரமாக இருந்திருக்கிறது. 1954 அக்டோபர் வெள்ளம் அந்த ஆலைகளில் பெரும்பாலானவற்றை உடைத்துப் போட்டது. மெஷின் காகிதத்தோடு போட்டி போட முடியாமல் ஏற்கெனவே நொந்திருந்தவர்கள் பிறகு எழவில்லை. ஓர் ஆலையை மியூசியமாக வைத்திருக்கிறார்கள். சம்மட்டியைத் தண்ணீர் விட்டு ஓட்டிக் காட்டுவார்கள். அந்தச் சத்தம் பழைய மர டிரம் சுற்றும் டேனரிக்குள் நுழைந்த உணர்வைத் தரும். பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் பூட்டிக் கிடக்கும் பழைய தோல் ஷாப்புகளின் கதவு எனக்கு அங்கே நின்றபோது கண்ணில் வந்தது. மியூசியம் ஆவதுகூட ஒரு கொடுப்பினைதான். நம் ஊரில் அந்தக் கட்டடங்கள் கல்யாண மண்டபமாகவோ வெறும் மனையாகவோ ஆகின்றன.

சேத்தாராவை நான் வேறு எல்லா ஊருக்கும் மேலே வைப்பேன். அது இன்னும் வேலை செய்கிற ஊர். துறையில் சூரை மீன் படகுகள் நிற்கும். கோடையில் பிடித்த நெத்திலியை உப்புப் போட்டுச் சிறிய மரப் பீப்பாயில் அடுக்கி, மேலே பலகையும் கல்லும் ஏற்றி, மாதக்கணக்கில் விடுவார்கள். அடியில் துளை போட்டால் தேன் நிறத்தில் ஒரு சாறு சொட்டும். ஒரு கரண்டி போதும், ஒரு தட்டு நூடுல்ஸுக்கு மணம் வந்துவிடும். உப்புப் போட்டு அடுக்குவதும், அடுக்கை மாற்றுவதும், எவ்வளவு நாள் தாங்கும் என்பதைக் கையால் தொட்டுச் சொல்வதும் பச்சைத்தோல் குடோனில் நின்றவர்களுக்குப் பழகிய வேலை. 2020இல் அந்தச் சாற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயர் கிடைத்தது. இனி வேறு யாரும் வேறு இடத்தில் செய்து அந்தப் பெயரில் விற்க முடியாது. சின்ன ஊர், நாலு தெரு, ஆனால் கடைக்குக் கடை அதைப் பற்றிச் சொல்வதற்கு ஆள் இருக்கிறது. குழந்தைகூடச் சொல்லும்.

இங்கே நிறுத்தி நம் பக்கம் திரும்புகிறேன். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய நம் இ.ஐ. தோலுக்கு, ஈஸ்ட் இந்தியா லெதர் என்று லண்டன் சந்தையில் பெயர் எடுத்த அந்தத் தோலுக்கு, 2008இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. சேத்தாராவுக்குப் பன்னிரண்டு வருடம் முன்னால். நம் கண்காட்சி ஸ்டால்களில் அதை எத்தனை பேர் எழுதி வைக்கிறார்கள்? இத்தாலியின் தொஸ்கானாவில் பட்டைப் பதனீட்டுக்காரர்கள் 1994இல் ஒரு கூட்டமைப்பு தொடங்கி, தங்கள் தோலில் செய்த ஒவ்வொரு பைக்கும் நம்பர் போட்ட சான்றிதழ் தருகிறார்கள். வாங்குகிறவர் அந்தச் சீட்டுக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார். நம்மிடம் பெயர் இருக்கிறது, பட்டை இருக்கிறது, வேலை தெரிந்த கை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பெயரை எடுத்துச் சொல்லும் வேலை மட்டும் நடக்கவில்லை.

அந்தத் தொஸ்கானாவுக்கே வருகிறேன். பீசாவுக்கும் ஃபிளாரன்ஸுக்கும் நடுவே ஆர்னோ ஆற்றங்கரையில் சாந்தா குரோச்சே. டேனரி வேலைக்கு அங்கே போகாத டெக்னீஷியன் நம்மில் குறைவு. வேலை முடிந்தால் சாய்ந்த கோபுரத்தைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டு விமானம் ஏறுவார்கள். கோபுரத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் மரீனா தி பீசா. ஆர்னோ கடலில் சேரும் இடம். எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் அழகான ஊர் என்று முதலில் வராது. நான் உங்களைக் கட்டாயம் போகச் சொல்லும் இடம் இதுதான்.

முகத்துவாரத்தில் தண்ணீருக்கு மேல் கால் ஊன்றிய மரக் குடிசைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பெரிய சதுர வலை தொங்கும். ராட்டினத்தைச் சுற்றி இறக்குவார்கள், கொஞ்சம் காத்திருந்து தூக்குவார்கள். மேலே சாந்தா குரோச்சேயில் டிரம்மிலிருந்து வெளியேறிய தண்ணீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அங்கிருந்து கால்வாய் வழியாக ஆர்னோவில் கலந்து, இந்த வலைகளுக்கு அடியில்தான் கடலுக்குப் போகிறது. அங்கே எல்லாம் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. டேனரிக் கழிவுச் சேற்றை எரித்த சாம்பலைச் சாலைக்கு அடியில் போட்டார்கள் என்று 2021இல் பெரிய விசாரணை எழுந்து நாடே பேசியது. தவறு அங்கேயும் நடக்கிறது. ஆனால் டேனரி ஊரும் மீன்பிடிக்கும் முகத்துவாரமும் ஒரே ஆற்றில் இருக்கின்றன, ஆற்றில் தண்ணீர் இருக்கிறது, வலையில் மீன் ஏறுகிறது. அதை நின்று பார்க்க வேண்டும்.

பாலாறும் கடலில்தான் சேர்கிறது. நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே, டச்சுக்காரர் கோட்டை கட்டிய சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் வயலூரில் முடிகிறது. ஆம்பூரிலிருந்து மூன்று நான்கு மணி நேர வண்டிப் பயணம். நம்மில் எத்தனை பேர் அங்கே போயிருக்கிறோம்? பாலாற்றை டேனரிகள் கெடுத்த வழக்கில்தான் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்த நாட்டுச் சட்டத்தில் உறுதி செய்தது. சட்டக் கல்லூரிகளில் வேலூர் என்றால் அந்தத் தீர்ப்பின் பெயர்தான். 2015 ஜனவரி 31ஆம் தேதி ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாறு பற்றித் தீர்ப்பு எழுதியது. முப்பது வருடம் ஆகப்போகிறது, இன்னும் அதே ஆறு, அதே வழக்கு. ஆர்னோ முகத்துவாரத்துக்குப் போகிறவர்கள் திரும்பி வந்த வாரமே வயலூருக்கும் போய்வாருங்கள். இரண்டையும் பார்த்தவர் கழிவுநீர் நிலையத்துக்குச் செலவிடும் பணத்தை வீண் செலவு என்று சொல்ல மாட்டார்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமல் நம்மவர்கள் எங்கேயும் கிளம்ப மாட்டார்கள். ஹலால் பார்க்கிறவர்களுக்கும் சைவக்காரர்களுக்கும் லிகூரியக் கரை எளிது. ஃபரினாத்தா என்று ஒன்று கிடைக்கும். கடலை மாவும் தண்ணீரும் ஆலிவ் எண்ணெயும் உப்பும்தான். அகலமான செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் வைத்து எடுப்பார்கள். ஓரம் மொறுமொறுப்பாக, நடு மெத்தென்று இருக்கும். மிளகுத்தூள் தூவிச் சூடாகத் தின்ன வேண்டும். ரொட்டி வகைகளில் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பார்மசான் சீஸ் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியில் உறைகிறது என்பதால், பாஸ்தா மேல் அதைத் தூவ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லலாம். மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை. சீரக சம்பா பிரியாணியும் கத்தரிக்காயும் வேண்டுமென்றால் ஊருக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும்.

பிப்ரவரியிலும் நடக்கும் இதே கண்காட்சிக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அமால்ஃபிக் கரையில் படகு ஓடாது, பாதி விடுதி பூட்டியிருக்கும். சின்க்வே தெர்ரேயில் மழைக்குப் பிறகு மலைப்பாதைகளை மூடிவிடுவார்கள். அப்போது காமோலியும் புரானோவும் மரீனா தி பீசாவும் போதும். மூன்றிலும் குளிர்காலத்தில் ஊர்க்காரர்கள் ஊரில் இருப்பார்கள், பேசவும் நேரம் இருக்கும். ரயிலில் காகிதச் சீட்டு வாங்கினால் ஏறுமுன் பிளாட்பாரத்தில் உள்ள சின்ன மெஷினில் முத்திரை போட்டுக்கொள்ளுங்கள். மறந்தால் டிக்கெட் இருந்தும் அபராதம்.

முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பிப்ரவரிப் பட்டியலை இப்போதே எழுத உட்காருங்கள், அதில் லைனிலிருந்து இரண்டு பெண்களின் பெயராவது இருக்கட்டும். பாஸ்போர்ட் இல்லை என்பது ஒரு காரணமே இல்லை. வேலூர் தலைமைத் தபால் நிலையத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது, ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆம்பூரிலிருந்து ஒரு பழைய தோல் டெக்னீஷியன்